அழிக்கப்பட்ட சக்கர நாற்காலி

காலையில் சமையலை முடித்துவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் உங்கள் தங்கைதான் உட்கார்ந்திருந்தாள். வழியில் யாரோடும் பேசவில்லை. முன்சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டார், சரி என்று தலையசைத்தேன், அவ்வளவுதான்.

இதையெல்லாம் அண்ணி யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளும் இல்லை. கேட்க வேண்டிய கணவர் வீட்டைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எங்கே போனே, யாரைப் பார்த்தே, அவன் என்ன சொன்னான், நீ என்ன சொன்னே என்று தொடங்கும் ஒரு குரலுக்காகப் பகல் முழுவதையும் வார்த்தை வார்த்தையாக அடுக்கி வைத்துக்கொள்ளப் பழகியிருந்தது அவள் மனம். குரல் போய்விட்டது. அடுக்குவது நிற்கவில்லை. காலையில் கண் விழிப்பதற்கு முன்பே அது எழுந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்திருப்பாள். எழும்போதே அலுப்பாக இருப்பதற்கு வயது மட்டும் காரணமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“அண்ணி, உதடு அசையுது,” என்றாள் பக்கத்தில் இருந்தவள். “என்கிட்ட பேசறதுன்னா கொஞ்சம் சத்தமா பேசுங்க. என்கிட்ட இல்லைன்னா, அந்த ஆளு ஃபோன் நம்பர் குடுங்க, நானும் நாலு வார்த்தை கேக்கறேன்.”

“ஒண்ணுமில்ல. இறங்கற இடம் வந்துடுச்சு.”

தனக்குக் கொசுறு என்று பெயர் வைத்துக்கொண்டது அவளேதான். அண்ணன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அவள் மட்டும் அண்ணி வீட்டிலேயே தங்கிவிட்டாள். ஊர் கேட்டபோது, “பொருளைத் திருப்பிக் குடுத்துட்டாங்க, கொசுறை யாரும் திருப்பிக் கேக்கல,” என்று சொல்லிவிட்டாள். ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருவரும் துப்பறியும் அலுவலகம் நடத்தினார்கள். அண்ணி யோசிப்பாள். கொசுறு கம்ப்யூட்டர் பார்ப்பாள், கூடவே பேச்சு இலவசம். அவள் அண்ணி அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு, வருகிறவர்களும் பாதி நேரம் அண்ணி என்றே கூப்பிட்டார்கள்.

கட்டட வடிவமைப்பு அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. படிக்கட்டுத் திருப்பத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், உயரமான ஒரு பெண் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர்களுக்கு வழிவிடக் கால்களை ஒடுக்கிக்கொண்டாள். யாரும் அவளை உள்ளே வரச் சொல்லவும் இல்லை, வீட்டுக்குப் போகச் சொல்லவும் இல்லை என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

உள்ளே ஆர்க்கிடெக்ட் இரண்டு பெரிய காகிதங்களை மேஜையில் விரித்தார். நல்ல சட்டை போட்ட, தூக்கமில்லாத மனிதர்.

“பாருங்க மேடம். இது எங்களுக்குப் போட்டியா இருக்கற ஆபீஸ் போட்ட டிராயிங். நூலகக் கட்டடம். இது நாங்க போட்டது. முகமும் ஒண்ணு, ஜாடையும் ஒண்ணு.”

“ரெட்டைப் பிள்ளைங்க சார்,” என்றாள் கொசுறு. “பிறந்த ஆஸ்பத்திரி மட்டும் வேற.”

அவர் சிரிக்கவில்லை. போட்டி அலுவலகத்தின் வரைபடத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். படிப்பறைக்குள் போகும் இரண்டாவது வாசலில், மிகச் சிறியதாக, மேலிருந்து பார்த்தால் தெரிவதுபோல் ஒரு சக்கர நாற்காலி.

“இது ஸ்கேலோட கைவேலை. வெளியே உட்கார்ந்திருக்கால்ல, அவதான். உயரத்துக்காக அப்படிக் கூப்பிடுவோம். இந்த ஆபீஸ்ல வேற யாரும் டிராயிங்ல சக்கர நாற்காலி போடறதில்லை. வேணாம்னு நானே எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன். இதைவிட என்ன கையெழுத்து வேணும்? இவதான் டிராயிங்கை அங்கே குடுத்திருக்கா.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன். அழுதா.”

“அது பதில் இல்லையே.”

“அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஒரு ரிப்போர்ட் வேணும். அவதான்னு உங்க கையெழுத்தோட ஒரு தாள். தொழில் சங்கத்துக்கு அனுப்பிடுவேன், தெரிஞ்ச ஆபீஸுக்கெல்லாம் அனுப்பிடுவேன். அப்புறம் அவ எங்கேயும் பென்சில் பிடிக்க முடியாது.”

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அலமாரியை ஒழித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதுபோல் சொன்னார்.

கொசுறு தொண்டையைச் செருமிக்கொண்டு, ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் ஆரம்பித்தாள். “எங்க நிபந்தனை சார். கண்டுபிடிச்சது எதுவோ அதைத்தான் எழுதுவோம். யார்மேல சந்தேகமோ அவங்க கையிலயும் ஒரு பிரதி குடுப்போம். பின்னாடி வந்து, சொல்லவே இல்லையேன்னு சொல்லக் கூடாது.”

“சரி, சரி,” என்று அவர் கையை வீசினார். எல்லோரும் அந்த இடத்தில் அப்படித்தான் வீசுவார்கள்.

“கம்ப்யூட்டர் எல்லாம் யார் பார்த்துக்கறாங்க?” என்று அண்ணி கேட்டாள்.

“என் மச்சான். வீட்டுக்காரியோட தம்பி. இந்தப் பக்கத்துல பாதி ஆபீஸுக்கு அவன்தான் மெஷின் டாக்டர்.”

அண்ணி படிக்கட்டுக்கு வந்தாள். நாற்காலி ஒன்றுதான் இருந்ததால் படியிலேயே உட்கார்ந்தாள். முழங்கால் சத்தம் போட்டது. கொசுறு கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

“சக்கர நாற்காலியைப் பத்திச் சொல்லும்மா.”

ஸ்கேல் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே பேசினாள். “எங்க அக்கா அதுலதான் இருப்பா. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஏதோ ஒரு வாசல்ல மாட்டிக்கும். கணக்குப்படி எல்லாம் சரியா இருக்கும் மேடம். கதவு அகலம் போதும். ஆனா நுழைஞ்ச உடனே திரும்பணுமே, அதை யாரும் யோசிக்க மாட்டாங்க. அதனால எந்த டிராயிங் போட்டாலும், நாற்காலியைக் கொண்டுபோய் ஒவ்வொரு வாசல்லயும் நுழைச்சுத் திருப்பிப் பார்ப்பேன். ஸ்க்ரீன்லதான்.”

“பார்த்த பிறகு?”

“அழிச்சிடுவேன். சார் திட்டுவார். கட்டடம் கேக்கறவங்க பார்த்தா ஆஸ்பத்திரின்னு நினைச்சுப்பாங்கன்னு. அழிச்சிட்டுத்தான் சேவ் பண்ணுவேன்.”

“ஒரு நாளாவது மறந்திருப்பீங்க,” என்றாள் கொசுறு.

“பல் தேய்க்கறதை மறப்பீங்களா?”

“என்னைக் கேக்காதீங்க. சரி, மெஷின் தானாவே நடுவுல சேவ் பண்ணுமே, அதுல மாட்டியிருக்கலாமே?”

“அதை நானே நிறுத்தி வெச்சிருக்கேன். ஏற்கெனவே அது தூங்குமூஞ்சி. நடுவுல சேவ் வேற பண்ண ஆரம்பிச்சா அப்படியே உறைஞ்சு போயிடும்.”

அண்ணி சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள். தூக்கம் வரவில்லை, ஒரு எண்ணம் வந்தது. அதற்குக் கொஞ்ச நேரம் இடம் கொடுத்தாள்.

“உன் பின்னாடி நின்னு யாராவது பார்ப்பாங்களா?”

“என் முதுகுக்குப் பின்னாடி சுவர்தான் மேடம். பூனை வந்தாக்கூட எனக்குத் தெரியும்.”

“வீட்ல தெரியுமா?”

ஸ்கேல் தலையை ஆட்டினாள். “வேலை செஞ்சிட்டிருக்கேன்னு அக்கா நினைச்சிட்டிருக்கா. எங்க ரெண்டு பேருக்கும் இந்த ஒரு வேலைதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனா என்ன சொல்றதுன்னு காலையிலேர்ந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டிருக்கேன். எப்படிச் சொன்னாலும் நானே தப்பு பண்ண மாதிரிதான் வருது.”

அண்ணி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். செய்யாததற்கும் கணக்குச் சொல்ல மனம் எத்தனை சீக்கிரம் தயாராகிவிடுகிறது.

“இப்போதைக்கு எதையும் சொல்லிப் பார்க்காதே,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து எழுந்தாள்.

உள்ளே நடக்கும்போது கொசுறு காதருகில் வந்தாள். “என்ன அண்ணி, கண்ணை மூடினீங்களே, பிடிச்சிட்டீங்களா, இல்ல தூங்கிட்டீங்களா?”

“அவ ஃபைலைக் குடுத்திருந்தா, அதுல நாற்காலி இருந்திருக்காது.”

கொசுறு நின்றாள்.

“நாற்காலி இருக்கற ஃபைல்னு ஒண்ணு இந்த உலகத்துலயே கிடையாது,” என்றாள் அண்ணி. “அது இருந்தது அவ ஸ்க்ரீன்ல மட்டும்தான். அழிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துல யாரோ பார்த்திருக்காங்க. பார்த்து வரைஞ்சவனுக்கு, அது எதுக்கு அங்க நிக்குதுன்னு தெரியல. அதையும் சேர்த்து வரைஞ்சிட்டான்.”

“அவரு கையெழுத்துன்னு காட்டினதுதான் அவளைக் காப்பாத்துது.”

“அவசரப்படாதே. இன்னும் காப்பாத்தல.”

ஸ்கேலின் மேஜை சுவரோரம் இருந்தது. கொசுறு கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழலும் சத்தம் வந்தது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுவரில் ஸ்கேல் ஒட்டிவைத்திருந்த வண்ணத்தாள்களைப் பார்த்தாள். வட்டம் இன்னும் சுற்றியது.

“கூட்டுக்குடும்பத்துல காலையில பாத்ரூம் வரிசை மாதிரி இருக்கு,” என்றாள் கொசுறு. “ஒவ்வொருத்தரா துண்டோட நிக்கறாங்க. யாருக்குமே வேலைக்குப் போற அவசரம் இல்ல. வேலைக்குப் போறவ மட்டும் கடைசியில நிக்கறா.”

“யார் யார் நிக்கறாங்கன்னு பார்க்க முடியுமா?”

“பார்க்கலாமே. மெஷின் போட்டதும் எதெல்லாம் தானா எழுந்திருக்குதுன்னு ஒரு இடத்துல காட்டும். டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப்னு இருக்கும். வேண்டாததை அங்கேயே நிறுத்தி வெச்சிடலாம். புரோகிராம் எங்கேயும் போகாது, நாம கூப்பிட்டா வரும். கூப்பிடாம வராது.”

கூப்பிடாமல் வராது. அண்ணி அந்த வார்த்தைகளை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

திரை ஒருவழியாக விழித்தது. கொசுறு தேடி எடுத்தாள். “அட, நம்ம ஆளு கெட்டிக்காரி. அரட்டை, பாட்டு, வானிலை, விளையாட்டு எல்லாத்தையும் ஏற்கெனவே நிறுத்தி வெச்சிருக்கா. வைரஸ் காவலை மட்டும் விட்டிருக்கா. மவுஸ், வரையற பலகை, இதுக்கெல்லாம் வேண்டியதையும் தொடல. எது வேணும் எது வேணாம்னு தெரிஞ்சவ.”

“அப்புறம் ஏன் இவ்வளவு மெதுவா எழுந்திருக்கு?”

“இன்னும் ஒண்ணு ஓடுது. பிரிண்டர் உதவியாளர்னு பேர். இருக்கறதுலயே இதுதான் நிறையத் தின்னுது.” கொசுறு வாசலை நோக்கிக் குரல் கொடுத்தாள். “ஸ்கேல், பிரிண்டர் உதவியாளரை மட்டும் ஏன் விட்டு வெச்சீங்க?”

படிக்கட்டிலிருந்து பதில் வந்தது. “நிறுத்தினேன். மறுநாள் பார்த்தா திரும்ப எழுந்து உட்கார்ந்திருந்தது. திரும்ப நிறுத்தினேன், திரும்ப வந்துது. பிரிண்டர்னா தேவைப்படும் போலிருக்குன்னு விட்டுட்டேன்.”

அண்ணி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரு பிரிண்டர் இருந்தது. அதன் மேல் ஒரு தொட்டியும், தொட்டியில் ஒரு செடியும் இருந்தன. செடியின் வேர் தொட்டியைத் தாண்டி, காகிதம் வெளியே வரும் வாயில் நுழைந்திருந்தது.

“இந்தப் பிரிண்டர் எப்போ கடைசியா வேலை செஞ்சது?” என்று படிக்கட்டுப் பக்கம் கேட்டாள்.

“நான் சேர்ந்தப்பவே செடிதான் மேடம். பெரிய தாள் அச்சடிக்க வெளியே கடைக்குத்தான் போவோம்.”

“செத்துப் போனவருக்குத் தினமும் காலையில எழுந்து சேவை பண்ணுது,” என்றாள் கொசுறு. “இந்த மாதிரி ஒரு உதவியாளர் எனக்கு அமையலையே.” பேசிக்கொண்டே அந்தப் புரோகிராமின் வேரைத் தேடிக்கொண்டு போனாள். சற்று நேரத்தில் அவள் பேச்சு நின்றது. அவள் பேச்சு நிற்பது அபூர்வம். “அண்ணி. இது படம் எடுக்குது.”

“எதை?”

“ஸ்க்ரீனை. நிமிஷத்துக்கு நிமிஷம். எடுத்து எங்கேயோ அனுப்புது. அனுப்பினதோட மிச்சம் இங்கே ஒரு மூலையில கிடக்கு.” அவள் ஒரு படத்தைப் பெரிதாக்கினாள்.

நூலகம். படிப்பறை. இரண்டாவது வாசல். வாசலில் பாதி நுழைந்து, சற்றே கோணலாகத் திரும்பிக்கொண்டிருக்கும் சக்கர நாற்காலி. ஆர்க்கிடெக்ட்டின் மேஜையில் பார்த்த அதே கோணல். யாரும் ஒரு நாற்காலியை அப்படி நிறுத்தி வைக்க மாட்டார்கள். திரும்பும் நொடியில் பிடிக்கப்பட்டதால்தான் அது அப்படி நின்றது.

அந்தச் சின்னஞ்சிறு நாற்காலியை அண்ணி வெகுநேரம் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை என்று நம்பி ஒருத்தி தன் அக்காவை வாசல் வாசலாக அழைத்துப் போயிருக்கிறாள். பின்னால் சுவர் இருந்தது. அது போதும் என்று நினைத்திருக்கிறாள்.

“நிறுத்தினா ஏன் திரும்ப வருது?” என்று கேட்டாள்.

“இதை எழுப்பிவிடறதுக்குன்னே இன்னொண்ணை வேற இடத்துல ஒளிச்சு வெச்சிருக்காங்க. ரெண்டையும் சேர்த்து நிறுத்தினாத்தான் அடங்கும். அடியோட அழிச்சிடவா?”

“வேணாம். நிறுத்தி மட்டும் வை.”

“ஏன், விருந்தாளின்னு நினைச்சீங்களா?”

“கதவைச் சாத்தினா, எட்டிப் பார்த்துக்கிட்டிருந்தவங்க யாருன்னு தெரியும். தட்டுவாங்க.”

கொசுறு இரண்டையும் நிறுத்தினாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். அண்ணி நாற்காலியில் சாய்வதற்குள் திரை விழித்துக்கொண்டது.

“பாத்ரூம் காலி,” என்றாள் கொசுறு.

ஆர்க்கிடெக்ட்டின் அறைக்குப் போய் அண்ணி கதவைச் சாத்தினாள். நாற்காலி எந்த ஃபைலிலும் இல்லை என்பதையும், பிரிண்டர் உதவியாளரையும், படங்களையும் சொன்னாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை. அதுதான் அண்ணிக்கு முதலில் உறைத்தது.

“அது நான் போடச் சொன்னதுதான்,” என்றார் கடைசியில். “என் ஆபீஸ், என் மெஷின். வேலை செய்யறாங்களா, கதை பேசறாங்களான்னு முதலாளி பார்க்கறதுல தப்பு என்ன இருக்கு? எல்லாரோட மெஷின்லயும் இருக்கு. சொன்னா மனசு சங்கடப்படுவாங்கன்னு சொல்லல. மச்சான்தான் போட்டுக் குடுத்தான்.”

“படமெல்லாம் யாருக்குப் போகும்?”

“எனக்கு மட்டும்தான். இந்த லேப்டாப்புக்கு. வேற யாரும் பார்க்க முடியாது.”

“இன்னிக்குப் பார்த்தீங்களா?”

“எங்கே பார்க்கறது. இதுவும் எழுந்திருக்கவே மாட்டேங்குது. இன்னும் பையிலேர்ந்தே எடுக்கல.”

“அப்போ ஸ்கேலோட மெஷின்ல அதை நான் நிறுத்திட்டேன்னு உங்களுக்கு இப்போ நான் சொல்லித்தான் தெரியும்.”

“ஆமா. ஏன் நிறுத்தினீங்க?”

மேஜையில் ஒரு ஈ நடந்தது. கொசுறு சுவரில் மாட்டியிருந்த கட்டடப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். அண்ணிக்கு இந்த மாதிரிக் காத்திருப்புதான் தொழிலில் மிகவும் அலுப்பான பகுதி. வரப்போவது என்ன என்று ஏறக்குறையத் தெரிந்த பிறகும், அது வரும்வரை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் இவர் இப்படி இருக்க மாட்டார் என்று தெரிந்துகொண்டே.

ஃபோன் அடித்தது. அவர் எடுத்தார். அறை அத்தனை அமைதியாக இருந்ததால் மறுபக்கக் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“அத்தான், ஸ்கேல் மெஷின் இப்பதான் ஆன் ஆச்சு, உடனே நின்னு போச்சே. அங்கே கரண்ட் ஏதாவது போயிடுச்சா?”

பேனாவின் மூடி மேஜையில் உருண்டது.

“நீ எங்கேயிருந்து பேசறே மச்சான்?” என்றார் ஆர்க்கிடெக்ட். குரல் எப்போதும்போலவே இருந்தது.

“வீட்லதான் அத்தான். ஏன்?”

“ஒண்ணுமில்ல. நான் பார்த்துக்கறேன்.”

ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். “படம் அவருக்கும் போகுது,” என்றாள் அண்ணி. பிறகு கொசுறு, வழக்கத்தைவிட மெதுவாக, “சார், அந்தப் போட்டி ஆபீஸுக்கும் மெஷின் பார்க்கறது அவர்தானா?” என்று கேட்டாள்.

அவர் தலை அசைந்தது. ஆமாம் என்றா, நம்ப முடியவில்லை என்றா, தெரியவில்லை.

“உங்க லேப்டாப்பும் எழுந்திருக்க மாட்டேங்குதுன்னு சொன்னீங்களே,” என்றாள் அண்ணி. “ஒரு தடவை பார்க்கலாமா?”

அவரே பையைத் திறந்து எடுத்தார். வட்டம் சுற்றியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொசுறுவிடம் இப்போது பாத்ரூம் வரிசை பற்றிய நகைச்சுவை இல்லை. விழித்ததும் அதே இடத்தைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

பிரிண்டர் உதவியாளர். ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க வீட்ல பிரிண்டர் இருக்கா சார்?”

“இல்ல,” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “வேலைக்காரங்க மெஷின்லதான் போடச் சொன்னேன்,” என்றார். அவர் கண்கள் திரையில் இருந்தன, ஆனால் திரையைப் பார்க்கவில்லை. பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில், தனியாக இருப்பதாக நினைத்து, எதை எதை எழுதினோம், யாருக்கு எழுதினோம், எதைத் தேடினோம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தை அண்ணிக்குத் தெரியும். தன் முகத்தையே கண்ணாடியில் அப்படிப் பார்த்திருக்கிறாள். இரக்கம் வந்தது. வராமல் இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“அஞ்சு நிமிஷம் குடுங்க,” என்று சொல்லிவிட்டுக் கொசுறுவோடு வெளியே வந்தாள். ஒரு காலி மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை அவள் சொல்லச் சொல்லக் கொசுறு தட்டினாள். சின்ன ரிப்போர்ட். ஸ்கேல் எதையும் யாருக்கும் கொடுக்கவில்லை என்பது முதல் வரி. கீழ்த்தளத்தில் இருந்த கடையில் இரண்டு பிரதி அச்சடித்துக்கொண்டு கொசுறு மூச்சு வாங்க மேலே வந்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது.

ஆர்க்கிடெக்ட் எழுந்திருக்கப் போகிறவர்போல் நாற்காலியின் நுனியில் இருந்தார். காகிதத்தை வாசித்தார். மறுபடி வாசித்தார். பிறகு அதை அண்ணி பக்கமே திருப்பித் தள்ளினார்.

“அண்ணி,” என்றார். காலையில் மேடமாக இருந்தவள். “இதுல மச்சான் விஷயம் வர வேணாம். என் வீட்டுக்காரிக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருத்தன்தான். இது தெரிஞ்சா வீடு வீடா இருக்காது. அவனை நான் கவனிச்சுக்கறேன். நீங்க, மெஷின்ல ஒண்ணும் கிடைக்கலன்னு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க.”

“அப்போ ஸ்கேல்?”

“அவளை நல்லபடியா அனுப்பி வெச்சிடறேன். சங்கத்துக்கெல்லாம் எழுத மாட்டேன். நல்ல சர்டிஃபிகேட் குடுத்துடறேன்.”

“சந்தேகம் அவமேலயே இருக்குமே.”

“கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க.” அவர் கண்களைத் தேய்த்துக்கொண்டார். அவரும் களைத்துத்தான் போயிருந்தார். “அப்புறம் இன்னொண்ணு. என் லேப்டாப்புல இருக்கறதை எடுத்துடுங்க. அடியோட. மத்த மெஷின்கள்ல இருக்கறது அப்படியே இருக்கட்டும். ஸ்கேல் மெஷின்ல நிறுத்தினதை மட்டும் திரும்ப ஆன் பண்ணிட்டுப் போங்க. அந்த இடத்துல நாளைக்கு வேற ஆள் வரும். இனிமே நான் ஒருத்தன்தான் பார்ப்பேன். சத்தியமா.”

கொசுறு வாயைத் திறந்தாள்.

“இல்லைங்க,” என்றாள் அண்ணி.

“ஒரு க்ளிக்தானே. நீங்களே நிறுத்தினீங்க, நீங்களே ஆன் பண்ணிடுங்க. ஏன் முடியாது, அதையாவது சொல்லுங்க.”

காரணங்கள் உள்ளே எழுந்து நின்றன. கேட்டவுடன் எழுந்து நிற்பதற்கென்றே வருஷக்கணக்காகப் பழக்கப்பட்டவை. எங்கே போனேன், யாரைப் பார்த்தேன், ஏன் அப்படிச் சொன்னேன் என்று வரிசையாக, ஒழுங்காக, குற்றவாளியின் பணிவோடு. அண்ணி ஒவ்வொன்றையும் பார்த்தாள். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எதையும் அவள் கூப்பிடவில்லை.

ரிப்போர்ட்டின் இரண்டு பிரதிகளிலும் கையெழுத்துப் போட்டாள். ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினாள். மற்றதைக் கொசுறுவிடம் கொடுத்தாள். கொசுறு அதை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படிக்கட்டை நோக்கி நடந்தாள்.

“ஏன்னு கேட்டேனே, அண்ணி,” என்றார் அவர், ஸ்கேலின் மேஜைப் பக்கம் கையைக் காட்டி.

அண்ணி கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்லைங்க,” என்றாள் மறுபடியும். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.